படநூல்களில் பெருநாள்

பண்டிகை விடுமுறையில் சிறாருடன் அமர்ந்து வாசிக்கப் படநூல் தேடுவோர்க்குத் தீபாவளியும் பொங்கலும் கிறிஸ்துமஸும் எளிதில் கிட்டுகின்றன; நோன்புப் பெருநாள் அரிதாகவே கிட்டுகிறது. கிட்டும் சிலவும் அதனை எவ்வாறு காட்டுகின்றன என்பதே நாம் இங்கு ஆராயும் பொருள்.

பிரேம்சந்த் 1933இல் எழுதிய ‘ஈத்கா’ படங்களுடன் பலமுறை வெளிவந்துள்ளது. திருநாள் சந்தையில் தோழர்கள் பொம்மையும் மிட்டாயும் வாங்க, ஏழைச் சிறுவன் ஹாமித் தன் மூன்று காசுக்கு இடுக்கி வாங்குகிறான். ரொட்டி சுடும் பாட்டியின் விரல்கள் இனிச் சுடக்கூடாது என்பது அவன் எண்ணம். ஃபவ்ஸியா ஜிலானி வில்லியம்ஸ் எழுதி, புரோய்தி ராய் படம் வரைந்து, சென்னைத் துலிகா பதிப்பகம் வெளியிட்ட ‘இஸ்மத்தின் ஈத்’ நகைச்சுவை மிக்கது. பெருநாளுக்கு வாங்கிய காற்சட்டை நீளமாக இருக்கிறது. இஸ்மத் தானே அதை வெட்டிக்கொள்ள, வீட்டுப் பெண்களும் அன்பின் மிகுதியால் ஒருவரறியாமல் ஒருவர் வெட்டிவிடுகின்றனர்.

இவ்விரு நூல்களின் சிறப்பு ஒன்றே. பிறை, தொப்பி, பிரியாணி என்று அடையாளங்களை அடுக்கிப் பண்டிகைக்கொரு பக்கம் ஒதுக்கும் நூல்களைப் போலன்றி, இவை பெருநாளை அடுக்களையிலும் உறவிலும் காட்டுகின்றன. எச்சமயத்துச் சிறாரும் அவ்வீட்டினுள் தயக்கமின்றி நுழைய முடிகிறது.

எனினும் ஒரு குறை எஞ்சுகிறது. முன்னது வடநாட்டுச் சிற்றூரின் கதை. பின்னது துருக்கிய நாட்டுப்புறக் கதையின் வழிவந்தது. தமிழ் முஸ்லிம் வீட்டுப் பிள்ளை அறிந்த நோன்புக் கஞ்சியும் ‘பெருநாள்’ என்ற சொல்லும் இவற்றில் இடம்பெற வாய்ப்பில்லை. ‘ஈத்’ என்றே படித்து வளரும் பிள்ளை, அடுத்த வீட்டாரை அயல்மொழியினர் என்று எண்ணிவிடக்கூடும். இது சொல் பற்றிய சிறு பிணக்கன்று. அண்டை வீட்டாரை அறிவது பற்றிய கேள்வி.

புதுச்சேரி ஒன்றியப் பகுதியின் மதகடிப்பட்டை எண்ணிப் பார்ப்போம். செவ்வாய்தோறும் அங்கு மாட்டுச் சந்தை கூடுகிறது. பொங்கலை ஒட்டி மாடுகளுக்குக் கயிறும் சலங்கையும் விற்பனையாகும்; பக்ரீதை ஒட்டி ஆடு தேடுவோரும் சந்தைகளை நாடுவர். கிழக்கே வில்லியனூரில் திருக்காமீசுவரர் தேரும் லூர்து மாதா திருத்தலமும் ஒரே ஊரில் உள்ளன. அருகே சுல்தான்பேட்டையில் முஸ்லிம்கள் வாழ்கின்றனர். பன்மை இங்கு அன்றாட நடப்பு. அதனைச் சிறாருக்குக் காட்ட ஓவியர் தொலைதூரம் செல்ல வேண்டியதில்லை. ஒரு சந்தை நாளை உண்மையாக வரைந்தாலே போதும்.

பிரதம் புக்ஸ் நிறுவனம் 2015இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் தளத்தில் எவரும் கதைகளைத் தமிழாக்கலாம், புதிதாகவும் படைக்கலாம். ஆகவே கருவியில்லை என்று கூறுதல் பொருந்தாது. நல்ல மொழிபெயர்ப்புகளை வரவேற்போம்; ஆயின் அவற்றோடு நின்றுவிடலாகாது. நோன்புக் கஞ்சிக்குப் பாத்திரம் ஏந்திப் பள்ளிவாசலுக்குச் செல்லும் சிறுமியை, அவளுடன் செல்லும் அடுத்த வீட்டுத் தோழியை, நம் எழுத்தாளர்களே நம் மொழியில் எழுத வேண்டும். அந்நூலை இரு வீட்டிலும் வாசிக்கலாம்.