'எழுத்து' இதழும் புதிய எழுத்தாளர்களும்

எழுதத் தொடங்குபவர்களுக்குச் சொல்லப்படும் அறிவுரைகள் பெரும்பாலும் இரண்டு. நிறைய எழுத வேண்டும்; பலர் பார்க்கும் இடத்தில் எழுத வேண்டும். முதலாவது பயிற்சி பற்றியது. இரண்டாவது வெளிச்சம் பற்றியது. எழுதியதை ஒருவர் கூர்ந்து வாசித்து, நிறைகுறைகளைக் காரணத்தோடு எடுத்துச் சொல்வது இந்த இரண்டிலும் அடங்குவதில்லை. அதன் மதிப்பை உணர்த்தும் சான்று சி.சு. செல்லப்பா நடத்திய 'எழுத்து' சிற்றிதழ்.

1959 ஜனவரியில் சென்னையில் தொடங்கிய 'எழுத்து', 1970 வரை 119 இதழ்கள் வெளிவந்தது. விமர்சனத்தை முதன்மை நோக்கமாகக் கொண்ட இவ்விதழே புதுக்கவிதைக்கும் களமானது. சிறுகதையாளராக அறியப்பட்டிருந்த சுந்தர ராமசாமி, பசுவய்யா என்ற பெயரில் தம் முதல் கவிதையை 1959இல் இதில் வெளியிட்டார். திருகோணமலையைச் சேர்ந்த தருமு சிவராமு, பின்னாளில் பிரமிள் என்று அறியப்பட்டவர், ஏறத்தாழ இருபது வயதில் இதில் எழுத வந்தார். வட இந்தியாவில் அரசுப் பணியில் இருந்த வெங்கட் சாமிநாதன் விமர்சகராக உருவானதும் இங்குதான். சென்னையிலிருந்து வெகுதொலைவில் இருந்தவர்களையும் இலக்கிய உலகம் அறியச் செய்தது இந்தச் சிறிய இதழ்.

இதற்குக் காரணம் செல்லப்பா கைக்கொண்ட 'அலசல்' முறை. ஒரு கதையையோ கவிதையையோ எடுத்துக்கொண்டு, அதன் சொல், படிமம், அமைப்பு ஆகியவை எப்படி இயங்குகின்றன என்று பார்ப்பது அம்முறை. க.நா. சுப்ரமண்யம் வாசக ரசனையை அளவுகோலாகக் கொண்டார்; சிறந்த படைப்புகளைப் பட்டியலிட்டார். பட்டியல் வாசகருக்கு வழிகாட்டும். எழுத்தாளருக்கு அறிமுகமும் தரும். ஆனால் எந்த வரி வலுவானது, எது தளர்ந்தது என்பதை அலசல்தான் சொல்லும். எழுத்துத் திறன் வளர உதவுவது அதுவே.

'எழுத்து'வின் குறைகளையும் சொல்லியாக வேண்டும். அலசல் சில வேளைகளில் இயந்திரத்தனமாகி, படைப்பின் உயிரைத் தவறவிட்டது. க. கைலாசபதி போன்ற மார்க்சிய விமர்சகர்கள் புதுக்கவிதையின் தனிமனித நோக்கைக் கடுமையாகக் கண்டித்தனர். பெண்களின் குரல் இதில் மிகக் குறைவு. எழுதுபவர்களே வாசகர்களாகவும் இருக்கும் சிறு வட்டம் தனக்குள்ளேயே நிறைவு கண்டுவிடும் அபாயமும் இருந்தது.

இதற்குச் செல்லப்பா கொடுத்த விலையும் பெரிது. புத்தகங்களைப் பைகளில் சுமந்து கல்லூரி கல்லூரியாகச் சென்று விற்றார். 'சுதந்திர தாகம்' என்னும் தம் பெரிய நாவலை முதுமையில் தாமே பதிப்பித்தார். அதற்குச் சாகித்திய அகாதெமி விருது 2001இல் கிடைத்தபோது அவர் உயிருடன் இல்லை, 1998இலேயே மறைந்துவிட்டார். நல்ல எழுத்து தானாகவே கவனம் பெறும் என்ற நம்பிக்கையை அவருடைய வாழ்க்கையே பொய்யாக்குகிறது. பிறர் எழுத்துக்கு அவர் தேடித் தந்த கவனம் அவர் எழுத்துக்குத் தாமதமாகவே வந்தது.

இன்று ஒரு கவிதையை எழுதிய நிமிடமே வெளியிடலாம். நூறு பேர் விருப்பக்குறி இடலாம். அது ஏன் நன்றாக இருக்கிறது என்று அவர்களில் ஒருவராவது சொன்னாரா என்பதே கேட்க வேண்டிய கேள்வி. எழுத விரும்பும் மாணவர் முதலில் தேட வேண்டியது, தயங்காமல் குறை சொல்லும் இரண்டு மூன்று வாசகர்களை. அவர்களுடைய எழுத்தையும் அதே கவனத்தோடு அவர் வாசித்துக் கொடுக்க வேண்டும்.