பெட்டிக்கு மேலே ஒரு வரி

கிளையன்ட் நிரப்ப வேண்டிய பெட்டிகளை அமைத்துத் தரும் ஏசிஎஃப் (அட்வான்ஸ்டு கஸ்டம் ஃபீல்ட்ஸ்) என்ற வேர்ட்பிரஸ் பிளகினில் உங்களுக்கு எது பிடிக்கும் என்று சைட் செய்யும் தொழிலில் இருப்பவர்களைக் கேட்டால் பாதிப் பேர் ரிப்பீட்டர் என்பார்கள், மீதிப் பேர் ஃப்ளெக்சிபிள் கன்டென்ட் என்பார்கள். எனக்கு இன்ஸ்ட்ரக்‌ஷன்ஸ். ஃபீல்டின் பெயருக்கும் பெட்டிக்கும் நடுவே சின்ன எழுத்தில் வருமே, அந்த வரி. ஆஸ்திரேலியாவின் எலியட் கான்டன் 2011இல் வெளியிட்ட அந்த பிளகினால் வேர்ட்பிரஸ் என்னவெல்லாமோ ஆனது. ஆனால் கிளையன்ட் கையில் சைட்டைக் கொடுத்த பிறகும் நம் குரல் அங்கே நிற்பது அந்த ஒரு வரியில்தான்.

சைட்டின் அழகை முகப்பைப் பார்த்துச் சொல்கிறவர்கள் சொல்லட்டும். நான் லாகின் வாங்கி உள்ளே போவேன். ‘இங்கே தலைப்பை உள்ளிடவும்’ என்று தலைப்புப் பெட்டிக்கு மேல் எழுதியிருந்தால் அத்தோடு வெளியே வந்துவிடுவேன். ‘படம்: 1600 பிக்சல் அகலம்’ என்பது கொஞ்சம் தேவலை, ஆனாலும் கடைக்காரர் பிக்சலை எதை வைத்து அளப்பார்? மதுரையில் ஒரு நண்பர் இருக்கிறார். அவர் அதே இடத்தில் எழுதுவது: ‘போனைப் படுக்கவைத்து எடுத்த படமாக இருக்கட்டும். முகம் நடுவில் இருந்தால் மொபைலில் வெட்டுப்படாது.’ குறைந்தபட்ச அகலத்தை அவர் ஃபீல்டின் விதியில் வைத்துவிடுவார். விதிக்கு விட வேண்டியது எது, மனிதரிடம் சொல்ல வேண்டியது எது என்று பிரிக்கத் தெரிந்த கை அது.

இனிப்புக் கடை ஒன்றுக்கு அவர் செய்த சைட்டை நான் பலருக்கும் காட்டியிருக்கிறேன். விலைப் பெட்டியின் முன்னால் ₹, பின்னால் ‘ஒரு கிலோ’, இரண்டும் ஏற்கெனவே அச்சாகியிருக்கும். கணக்குப்பிள்ளை எண்ணை மட்டும் தட்டினால் போதும். பண்டிகை அறிவிப்புக்கு மேலே, ‘காலியாக விட்டால் முகப்பில் இந்தப் பட்டை வராது’ என்று ஒரு வரி. பக்கத்திலேயே கடைசித் தேதி: ‘அன்று இரவோடு அறிவிப்பு தானாக மறைந்துவிடும்.’ தீபாவளி வாழ்த்து மாசி மாதம் வரை தொங்கும் சைட்டுகளைப் பார்த்தவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

தமிழுக்கென்றே அவர் எழுதும் வரிகள் தனி. தமிழ்த் தலைப்பை வைத்து வேர்ட்பிரஸ் முகவரி உண்டாக்கும்போது ஒவ்வொரு யூனிகோட் குறியும் சதவீதக் குறிகளோடு 9 எழுத்தாக விரிகிறது. 200 எழுத்தில் வெட்டு விழுகிறது. ‘கி’யே இரண்டு குறி என்றால் நீளமான தலைப்பின் கதி என்ன? அதற்காகத் தனி ஃபீல்டு வைத்து, ‘சைட் முகவரிக்கு ஆங்கிலத்தில் இரண்டு சொல் போதும்’ என்று போட்டிருப்பார். செய்திப் பெட்டிக்கு மேலே, ‘பாமினி ஃபான்டில் அடித்ததை அப்படியே ஒட்டினால் ஆங்கில எழுத்தாக உளறும்; மாற்றிவிட்டு ஒட்டுங்கள்.’

எலிமென்டர் பேஜ் பில்டரின் ரசிகர்கள் இங்கே சிரிப்பார்கள். எதையும் இழுத்து எங்கும் வைக்கலாமே, கிளையன்டுக்குச் சுதந்திரம் வேண்டாமா என்பார்கள். கேட்டவர்களுக்குக் கொடுங்கள். நான் பார்த்த கணக்குப்பிள்ளைகள் மைசூர்பாகு விலையை மாற்றிவிட்டுக் கல்லாவுக்குத் திரும்பத்தான் நினைக்கிறார்கள். 2018 டிசம்பரில் வேர்ட்பிரஸில் வந்த குட்டன்பர்க் பிளாக் எடிட்டரை நான் வெறுக்கவில்லை. பிளாக்குகளைப் பூட்டிக் கொடுத்தால் நன்றாகவே இருக்கும், பூட்டுகிறவர்கள்தான் குறைவு. அதிலும் பிளாக்கின் விளக்கம் ஓரப்பட்டையில் போய் உட்கார்ந்திருக்கிறது. அங்கே யார் பார்க்கிறார்கள்? வேர்ட்பிரஸுக்கு மாற்றாகக் கிர்பியைப் பிடித்துக்கொண்டவர்களிடம் மட்டும் கொஞ்சம் பணிந்து பேசுவேன். அதை உருவாக்கிய பாஸ்டியன் ஆல்கையர் அதன் புளூபிரின்டில் ஹெல்ப் வரிக்கு நல்ல இடம் கொடுத்திருக்கிறார், டேட்டாபேஸ் தொல்லையும் இல்லை. ஆனால் நாம் இல்லாத நாளில் பழுது பார்க்க, கடைத்தெருவில் வேர்ட்பிரஸ் தெரிந்த பையன்தான் கிடைப்பான்.

ஏசிஎஃப் 2021இல் ஒரு கைக்கும் 2022இல் இன்னொரு கைக்கும் போனது. வேர்ட்பிரஸ் தரப்போடு 2024இல் நடந்த சண்டை ஊரறிந்தது, அதை விடுங்கள். என் வருத்தம் வேறு. 6.0 பதிப்பில் ஃபீல்டு அமைப்புகளைத் தாவல்களாகப் பிரித்தபோது, கண்ணெதிரே இருந்த இன்ஸ்ட்ரக்‌ஷன்ஸ் பெட்டியை ‘பிரசன்டேஷன்’ தாவலுக்குள் தள்ளிவிட்டார்கள். ஏதோ அலங்காரச் சாமான் மாதிரி! தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்கள் அந்தத் தாவலைத் திறப்பதே இல்லை. பதிலுக்குக் கிளையன்ட் கையில் ஒரு பிடிஎஃப், ஒரு நீளமான வீடியோ. பயிற்சிக்கு வந்தவர் வேலை மாறிப் போவார், வீடியோ அவருடைய பழைய மெயிலில் கிடக்கும். அவர் இடத்துக்கு வந்தவருக்கு அட்மின் லாகின் வேறு கொடுத்திருப்பார்கள். உள்ளே நுழைந்ததும் பிளகின் விளம்பரம் நாலு, அப்டேட் சிவப்புப் புள்ளி ஏழு. எடிட்டர் ரோலைக் கொடுத்து, வேண்டாத மெனுக்களை மறைக்க எவ்வளவு நேரம் ஆகிவிடும்?

மதுரை நண்பர் அந்த வரிகளை முன்கூட்டி எழுதுவதில்லை. சைட் முடிந்ததும் வெறும் ஃபீல்டுகளோடு கணக்குப்பிள்ளை முன்னால் திறந்துவைத்து, பேசாமல் பக்கத்தில் உட்கார்ந்துகொள்வார். கணக்குப்பிள்ளையின் கை எங்கே நிற்கிறது, என்ன கேட்கிறார் என்று குறித்துக்கொண்டு, கேட்டவரின் பேச்சிலேயே பதிலை எழுதிவைப்பார். விலைப் பெட்டிக்கு மேலே ‘ஜிஎஸ்டி சேர்த்துப் போடுங்கண்ணே’ என்று இருப்பது அப்படி வந்ததுதான்.