அண்மையிற் படித்த சில நூல்கள்

நூல்களை வகைபிரித்துப் படித்தல் ஆசிரியத் தொழிலோடு ஒட்டிய பழக்கம். இலக்கணம், செய்யுள், வரலாறு, கதை எனப் பாடவேளைகள் பிரிந்திருப்பதுபோலவே எம் மனத்திலும் தட்டுகள் பிரிந்துவிடுகின்றன. ஒரு தட்டிலுள்ள நூல் அடுத்த தட்டிலுள்ள நூலோடு உறவாடுவதில்லை. கடந்த ஓராண்டினுள் யான் படித்து முடித்த நூல்களுள் ஐந்து இவ்வரம்பைப் பொருட்படுத்தாது தம்முள் வழக்காடத் தொடங்கின. அவற்றுள் இரண்டு தன்வரலாறுகள், ஒன்று பதிப்புரைத் தொகுதி, ஒன்று நாவல், ஒன்று நகைச்சுவைச் செய்யுள் நூல். வெவ்வேறு காரணம் பற்றி எடுத்த நூல்களாயினும் அவை என்னை ஒரே வினாவின் முன் கொண்டுவந்து நிறுத்தின. கற்க விரும்பிய பிள்ளைக்குக் கதவைத் திறந்தவர் யார், அடைத்தவர் யார் என்பதே அவ்வினா.

இவ்வினா என்னைப் பற்றிக்கொண்டமைக்கு என் கல்விமுறையும் ஒரு காரணமாகலாம். வெளிவாரியாகப் பரீட்சைக்குத் தோற்றிப் பட்டம் பெற்றவர்க்கு விரிவுரை மண்டபம் இல்லை, நூலே ஆசிரியர். கொழும்புத்துறையிலிருந்து யாழ்ப்பாணப் பொது நூலகத்துக்குத் துவிச்சக்கரவண்டியிற் போய் வந்துவிடலாம். 1981ஆம் ஆண்டு எரியூட்டப்பட்ட போது அங்கே ஏறத்தாழ 97,000 நூல்கள் அழிந்தன. மீளக் கட்டிய மண்டபத்திலே கிடையாத பழைய ஈழத்து நூல்கள் பலவற்றை இன்று ‘நூலகம்’ என்னும் எண்ணிம நூலகத்திற் படிக்கலாம். கீழே பேசப்படுவனவற்றுள் இரண்டை யான் கைப்பேசித் திரையிலேயே படித்து முடித்தேன். கண்ணுக்கு வருத்தமே, ஆயினும் கிடையாத நூலைக் கனவிற் காண்பதினும் அது நன்று.

முதலிற் கூறவேண்டியது உ. வே. சாமிநாதையரவர்களின் ‘என் சரித்திரம்.’ 1940ஆம் ஆண்டு தொடக்கம் ‘ஆனந்த விகடன்’ இதழில் வாரந்தோறும் வெளிவந்து, 1942இல் ஐயரவர்கள் காலமானமையால் இடையில் நின்றுபோன நூல் இது, 1950இற் புத்தகமாயிற்று. இதனைப் பதிப்பு முயற்சியின் வரலாறு எனவே பலரும் போற்றுவர். ஏடு தேடி அலைந்த கதையைப் பாடப்புத்தகங்களும் எடுத்தாளும். என்னைக் கவர்ந்தது அப்பகுதி அன்று. அதற்கு முற்பட்ட பாதியே. ஓர் ஏழைச் சங்கீத வித்துவானின் மகன், தமிழ் சொல்லித்தருவார் ஒருவரைத் தேடி, தந்தையார் பின்னே ஊரூராகச் செல்கிறான். அரியலூரில் ஒருவர், குன்னத்தில் ஒருவர் எனத் தமக்குத் தெரிந்த சில நூல்களைச் சொல்லித்தந்த அவ்வூர் வித்துவான்களை ஐயரவர்கள் எண்பது வயதின் பின்னும் மறக்கவில்லை. எவர் வீட்டில் உணவு கிடைத்தது, எவர் புத்தகம் இரவல் தந்தார் என்பதெல்லாம் நினைவிலிருந்து நிரல்படக் கூறுகிறார். நன்றியுணர்வே இந்நூலின் உரைநடையைத் தாங்கி நிற்கிறது எனலாம். சொற்கள் எளியன, வாக்கியங்கள் குறியன. சங்க நூல்களைப் பதிப்பித்த பேரறிஞர் பத்திரிகை வாசகருக்கு எழுதும்போது ஒரு தொடரையேனும் புலமை காட்டுதற்கென்று அமைத்தாரில்லை.

1871ஆம் ஆண்டு மாயூரத்திலே மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையவர்களை அம்மாணவன் சென்றடைகின்றான். நூலின் உயிர்நிலை இதுவே. பிள்ளையவர்கள் செல்வரல்லர், கடன்பட்டும் மாணவர்க்குச் சோறிட்டவர். நாகூர்க் குலாம் காதிறு நாவலரும், கிறித்தவராகிய சவரிராயலு நாயகரும் அவரிடம் பாடங் கேட்டவர்களே. சங்கீதத்தில் ஆசிரியருக்கு விருப்பமின்மையை அறிந்த மாணவன், கோபாலகிருஷ்ண பாரதியாரிடம் தொடங்கிய இசைப்பயிற்சியையே விட்டுவிடுகின்றான். தந்தையார் சங்கீத வித்துவான் என்பதை நினைத்தால் அவ்விழப்பின் அளவு விளங்கும். ஐயரவர்கள் இதனை முறையீடாகக் கூறவில்லை. ஓர் ஆசிரியரின் அன்பு மாணவனுக்கு எதைக் கொடுக்கிறது என்பதோடு எதை விடச்செய்கிறது என்பதையும் காட்டும் இடம் அது. யான் அவ்விடத்தை இருமுறை படித்தேன்.

அடுத்து எடுத்தது ‘தாமோதரம்.’ சிறுப்பிட்டியிற் பிறந்து, வட்டுக்கோட்டைச் செமினரியிற் கற்று, 1857இற் சென்னைச் சர்வகலாசாலையின் முதற் பட்டதாரிகளுள் ஒருவராகிய சி. வை. தாமோதரம்பிள்ளையவர்கள் தம் பதிப்புகளுக்கு எழுதிய உரைகளின் தொகுதி அது. பதிப்புரை என்றால் எவரும் புரட்டிக் கடந்துபோகும் பகுதி. இவருடைய பதிப்புரைகளோ தனியே நூலாக நிற்கத் தக்கன. வீரசோழியம் 1881, தொல்காப்பியப் பொருளதிகாரம் 1885, கலித்தொகை 1887 என ஆண்டுகளை வரிசைப்படுத்திப் பார்த்தால், வழக்கறிவும் அரசாங்க உத்தியோகமும் உடைய ஒருவர் தம் கைப்பொருளையும் உடல்நலத்தையும் இதிற் கரைத்தமை புலனாகும். தொட்டவுடன் உதிரும் ஏட்டைப் பற்றி அவர் எழுதிய பகுதி பெயர்பெற்றது. அதிலும் சிறந்தது அவருடைய கோபம். தமிழரின் அசட்டையை அவர் கண்டிக்கும்போது வழக்குமன்றிலே எதிர்க்கட்சியை மடக்கும் குரல் கேட்கிறது. ஐயரவர்களின் அமைதி இவரிடம் இல்லை. இருவரையும் அடுத்தடுத்துப் படிப்பவர்க்கு இக்குண வேற்றுமை மிக இன்பம் தருவது.

இரு நூல்களும் ஓரிடத்திற் சந்திக்கின்றன. ஐயரவர்கள் கும்பகோணம் கல்லூரியில் ஆசிரியராயிருந்து சீவகசிந்தாமணியை ஆராய்ந்து கொண்டிருந்த காலத்தில், அதனைத் தாமே அச்சிட விரும்பிய தாமோதரம்பிள்ளையவர்கள் பிரதியைக் கேட்டதும், அதனால் ஐயரவர்கள் உற்ற மனக்கலக்கமும் ‘என் சரித்திரத்தில்’ விரிவாகக் கூறப்படுகின்றன. யாழ்ப்பாணத்து வாசகர் இவ்விடத்தில் எம்மூரவர் பக்கம் நின்று வாதாடும் வழக்கம் உண்டு. அவ்வழக்கில் எனக்கு ஈடுபாடில்லை. 1887ஆம் ஆண்டிலேயே ஒருவர் கலித்தொகையையும் மற்றவர் சிந்தாமணியையும் வெளியிட்டனர் என்பது போதும்.

இவ்விரண்டையும் முடித்த மனநிறைவோடு மூன்றாவது நூலை எடுத்தேன். டொமினிக் ஜீவாவின் தன்வரலாறாகிய ‘எழுதப்படாத கவிதைக்கு வரையப்படாத சித்திரம்’ 1999இல் வெளிவந்தது. ‘மல்லிகை’ ஆசிரியராக 1966 தொடக்கம் அரை நூற்றாண்டுக்குச் சற்றுக் குறைவான காலம் ஒரு சிற்றிதழை நடத்தி, அதனைத் தம் கையிற் சுமந்து தெருத்தெருவாக விற்றவர் அவர். இந்நூலிலும் கற்க விரும்பிய ஒரு பிள்ளை வருகின்றான். ஆனால் இங்கே ஆசிரியர் கதவைத் திறக்கவில்லை. தந்தையாரின் தொழிலையும் சாதியையும் சுட்டி வகுப்பறையிலே நேர்ந்த அவமதிப்பினாற் பிள்ளை இளமையிலேயே பள்ளியை விட்டு நீங்குகின்றான். கஸ்தூரியார் வீதிச் சலூனே தமக்குச் சர்வகலாசாலையாயிற்று என ஜீவா கூறுவது வெறும் அணியன்று. அங்கே வந்தமர்ந்தவர்களின் பேச்சும் அங்கே கிடந்த பத்திரிகைகளுமே அவருக்குப் பாடநூல்களாயின. அவ்விடத்திலிருந்து எழுதிய ‘தண்ணீரும் கண்ணீரும்’ என்னும் சிறுகதைத் தொகுதி 1960இல் வெளிவந்து சாகித்திய மண்டலப் பரிசு பெற்றது.

இந்நூலை இலக்கியமாக மதிப்பிட்டால் குறைகள் பல. கூறியது கூறல் அதிகம். காலவொழுங்கு குலைந்து, நினைத்தபடி செல்கிறது. நண்பரைப் புகழுமிடத்தும் பகைவரை இகழுமிடத்தும் குரல் உயர்ந்துவிடுகிறது. ஐயரவர்கள் பத்துச் சொல்லில் முடிக்கும் காட்சிக்கு இவர் ஒரு பக்கம் செலவிடுகிறார். இவற்றையெல்லாம் ஒப்புக்கொண்ட பின்பும் நூலைக் கீழே வைக்க இயலவில்லை. காரணம் வெளிப்படை. நன்றியை உரைநடையாக்குதற்கு எமக்கு நெடிய மரபுண்டு. ஆற்றுப்படை பாடிய நாள் முதலாக வந்த மரபு அது. அவமதிப்பை உரைநடையாக்குதற்கு முன்மாதிரி எங்கே உண்டு? ஜீவா தாமே வழி வெட்டிக்கொண்டு செல்லவேண்டியவரானார். வெட்டிய வழி கரடுமுரடாயிருத்தல் வியப்பன்று.

இதற்குப் பின் ‘என் சரித்திரத்தை’ மீளப் புரட்டினேன். மாயூரத்துத் திண்ணையில் ஏறியிருந்து பாடங் கேட்டவர்களை ஐயரவர்கள் அன்போடு பெயர்கூறிக் குறிக்கின்றார். அத்திண்ணையை அணுகவே இயலாதிருந்தவர் எத்துணையர் என்பது நூலில் இல்லை. அதனை அவர் மறைத்தாரல்லர். அது அவர் கண்ணிற் படும் பொருளாகவே இருக்கவில்லை. தம் சரித்திரத்தை எழுதியவரிடம் ஊரார் சரித்திரத்தைக் கேட்பது முறையன்று எனச் சிலர் கூறுவர். எழுதியவர்க்கு அது பொருந்தும். ஆசிரியத் தொழில் பார்க்கும் வாசகர்க்குப் பொருந்துமோ என்பது ஐயம். யாழ்ப்பாணத்திலே பாடசாலைகளிற் சகல பிள்ளைகளும் ஒரே வாங்கில் அமர்தல் வேண்டும் என்ற ‘சம ஆசனம்’ 1930ஆம் ஆண்டையொட்டியும் சச்சரவுக்குரிய பொருளாயிருந்தது. பிள்ளையவர்கள் காலமாகி அப்பொழுது ஐம்பதாண்டுகளுக்கு மேலாகிவிட்டது. 1924இல் அமைந்த யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸ் போன்ற அமைப்புகள் சாதி வேற்றுமையை எதிர்த்து நில்லாவிடின் அது இன்னும் நீண்டிருக்கும். 1945இல் வந்த இலவசக் கல்வியும், 1957இல் இயற்றப்பட்ட சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டமும் சட்டத்தளவிற் கதவைத் திறந்தன. வகுப்பறைக்குள்ளே ஒருவர் வாயிலிருந்து வரும் சொல்லை எச்சட்டம் தடுக்கும்?

கே. டானியலின் ‘பஞ்சமர்’ பற்றிச் சுருக்கமாகவே சொல்வேன். 1972இல் வெளிவந்த இந்நாவலுக்குப் பின்னணி 1960களிலே தேநீர்க்கடைகளிலும் கோயில்களிலும் நுழைவுரிமை வேண்டி எழுந்த போராட்டங்கள். டானியல் அவற்றை நேரே நடத்தியவர்களுள் ஒருவர். 1986இல் தஞ்சாவூரிற் காலமானார். பாத்திரங்களைத் தனிமனிதராக அன்றிக் கட்சியாக நிறுத்துகின்றார் என்ற குற்றச்சாட்டு மறுக்கத்தக்கதன்று. நல்லவர் யார், தீயவர் யார் என்பது முதற் காட்சியிலேயே தெரிந்துவிடுமாயின் நாவல் படிக்கும் ஆவல் பாதியாகக் குறையும். ஆயினும் பேச்சு வரும் இடங்களில் நூல் நிமிர்ந்து எழுகிறது. பனங்கூடலிலும் ஒழுங்கையிலும் வழங்கும் யாழ்ப்பாணத் தமிழ், உயர்வு தாழ்வுக்கேற்பத் தன் விகுதிகளை மாற்றிக்கொள்ளும் நுட்பத்தை இவரளவுக்குச் செவிமடுத்து எழுதியவர் சிலரே. ‘வாரும்’, ‘வாங்கோ’, ‘வாடா’ என்ற மூன்றனுள் எது யாருக்கு வழங்கும் என்பதிலேயே ஊரின் சட்டம் முழுவதும் எழுதப்பட்டிருக்கிறது. 1960களின் தொடக்கத்தில் இத்தகைய எழுத்தை ‘இழிசனர் வழக்கு’ எனத் தள்ளிய பண்டிதர் இருந்தனர். செந்தமிழ் எழுதும் பழக்கமுடைய யானும் அப்பண்டிதர்களின் இலக்கணப் பற்றினை மதிக்கின்றேன். ஆயினும் ஏவல் விகுதியைப் பற்றி நன்னூல் கூறாத ஒன்றை ‘பஞ்சமர்’ கூறுகிறது. இலக்கணம் கற்பிப்பவர்க்கு இது சிறு விடயம் அன்று.

இவ்வளவு சுமையின் பின் மஹாகவியின் ‘குறும்பா’ கிடைத்தமை பாக்கியம். அளவெட்டி து. உருத்திரமூர்த்தி 1966இல் வெளியிட்ட இந்நூல், ஆங்கிலத்திலே லிமரிக் எனப்படும் ஐந்தடி வேடிக்கைப் பாட்டின் அமைப்பைத் தமிழ் யாப்புக்குள் கொண்டுவந்தது. முதலிரண்டு அடிகளும் ஈற்றடியும் இயைபுத் தொடையாலே பிணைய, இடையில் வருவன வேறோசை பெற்று ஓடும். பிறமொழி வடிவங்களை இரவல் வாங்குவோர் பெரும்பாலும் உள்ளடக்கத்தையும் சேர்த்தே வாங்கிவிடுவர். இவர் கூடையை மட்டும் வாங்கி அதில் எம்மூர்க் காய்கறியை நிரப்பினார். உயிர் கொள்ள வந்த காலனுக்கே முத்துகளைக் கைக்குள் வைத்துத் தப்பியவனைப் பற்றிய பாட்டு ஒன்றுண்டு. ஐந்தடியில் ஒரு கதையும் ஒரு கந்தோர் முழுவதும் அடங்கிவிட்டன. நகைச்சுவையைத் தாழ்ந்த சுவையாகக் கருதும் மனப்பான்மை எம் கல்லூரி மலர்களிலும் உண்டு. ஆண்டுதோறும் அச்சாகும் கவிதைகளைப் பார்த்தால் யாழ்ப்பாணத்தவர் சிரிப்பதேயில்லை என அயலவர் எண்ணக்கூடும். அப்பாட்டைப் படித்து முடித்ததும் என் வினாவே மீண்டும் எதிர்ப்பட்டது. காலன் கதவையே கையூட்டாற் சாத்தலாம் எனின், பாடசாலை அனுமதிக் காலத்திலே திறக்கும் கதவுகளைப் பற்றி மஹாகவி இருந்தால் என்ன பாடியிருப்பார்? 1971இல், நாற்பத்து நான்கு வயதளவில், அவர் காலமானார். அந்தக் குறும்பா எழுதப்படாமலே போயிற்று.

அடுத்த தவணையில் உயர்தர வகுப்பு மாணவர்க்கு ஐயரவர்கள் பிள்ளையவர்களை முதன்முதலாகக் கண்ட பகுதியையும், ஜீவா பள்ளியை விட்டு நீங்கிய பகுதியையும் ஒரே நாளில் வாசித்துக் காட்ட எண்ணியிருக்கிறேன். விளக்கவுரை சொல்லும் எண்ணம் இல்லை. நாற்பது நிமிடத்தில் இரண்டும் அடங்கா. தமிழுக்கு இரட்டைப் பாடவேளை வரும் வியாழக்கிழமையே அதற்கு ஏற்ற நாள்.