ஒலியாத மணி: சிலப்பதிகாரத்தில் அரசின் பொறுப்புக்கூறல்

முன்னுரை

தமிழர் அரசியல் மரபைப் போற்றும் உரைகளில் ஆராய்ச்சி மணிக்கு நிலையான இடம் உண்டு. கன்றை இழந்த பசு அசைத்த மணியின் ஓசை கேட்டுத் தன் மகனையே தேர்க்காலில் இட்ட சோழனின் கதை, குடிமக்களுக்கு அரசு பொறுப்புடையது என்பதற்கு முதற்சான்றாகக் காட்டப்படுகிறது. அக்கதை தமிழ் எல்லைக்குள் மட்டும் நிற்கவில்லை. அனுராதபுரத்தை ஆண்ட எல்லாளனைப் பற்றி மகாவம்சமும் அதனையே சொல்கிறது. பகைவனாகச் சித்திரிக்கப்பட்ட ஒரு மன்னனின் முறைமையை எதிர்த்தரப்பு நூலே ஏற்றுக்கொண்டது நமக்குப் பெருமிதம் தருவது இயல்பே.

எனினும் மணி என்னும் கருவி எத்தகையது, அது ஒலிக்காத நாளில் நிலைமை என்ன என்ற வினாக்களை நம் ஆய்வுலகம் போதிய அளவு எழுப்பவில்லை. சிலப்பதிகாரம் அவ்வினாவுக்கு விடை தரும் காப்பியம். அரசியல் பிழைத்தோர்க்கு அறமே கூற்றாகும் என்பதைப் பதிகம் நூலின் மூன்று கருத்துகளுள் முதலாவதாக வைக்கிறது. அறம் எவ்வழியாகக் கூற்றாகிறது, யார் கேட்டார், எதைக் காட்டிக் கேட்டார், கேட்டபின் எது மாறியது என்பவற்றை நிரல்பட நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

1. மணியும் பாவையும்

காப்பியத்தில் முறைகேட்டை அறிவிக்கும் கருவிகள் இரண்டு குறிக்கப்படுகின்றன. ஒன்று புகாரின் ஐவகை மன்றங்களுள் ஒன்றான பாவை மன்றம். அரசனின் கோல் கோடினாலும், அறங்கூறும் அவையத்தார் ஒருபக்கம் சாய்ந்தாலும், அங்குள்ள பாவை வாய்திறவாது கண்ணீர் உகுக்கும் என்கிறது இந்திரவிழவூரெடுத்த காதை. அரசனையும் நீதி அவையையும் ஒருசேரக் கண்காணிக்கும் அமைப்பு இது. மற்றொன்று வாயில் மணி. பாண்டியன் தன்னை யாரென வினவும்போது கண்ணகி தன் ஊர்ப்பெருமையாகச் சிபியின் கதையையும் பசுவின் துயர் கேட்ட சோழனின் கதையையும் முன்வைக்கிறாள். அவளுக்கு அவை வெறும் புகழ்மொழிகள் அல்ல. வழக்கில் எடுத்துக்காட்டப்படும் முன்தீர்ப்புகள் போன்றவை.

இரண்டும் சிறந்தவையே. ஆனால் இரண்டிலும் ஒரு குறை உண்டு. பாவை அழும், காரணம் சொல்லாது. மணி ஒலிக்கும், சான்று காட்டாது. கேட்பவன் அரசன், ஆராய்பவன் அரசன், தண்டிப்பவனும் அரசன். அவன் நல்லவனாக இருந்தால் நீதி கிடைக்கும். குடிமகன் பெறுவது உரிமை ஆகாது, அருளே ஆகும்.

2. முறை தவறிய வழி

கொலைக்களக் காதையை ஒரு விசாரணை அறிக்கையைப் படிப்பதுபோலப் படித்தால், பிழை ஒருவனிடம் மட்டும் இல்லை என்பது புலனாகும். ஊடிச் சென்ற தேவியைத் தேடிப் பாண்டியன் மந்திரச் சுற்றத்தை விட்டு நீங்கிச் செல்லும் வேளையில் பொற்கொல்லன் அவனைக் காண்கிறான். எனவே அமைச்சர் எவரும் கேளாத இடத்தில், ஒருவனது சொல்லை மட்டும் கொண்டு, கொலை ஆணை பிறக்கிறது. சிலம்பு கையில் இருந்தால் கொன்று கொணர்க என்பதே ஆணை. சிலம்பு யாருடையது என ஆராயும் பொறுப்பு எவருக்கும் அளிக்கப்படவில்லை.

அடுத்து நிகழ்வது இதனினும் கவனத்துக்குரியது. கோவலனைக் கண்ட காவலர் ஐயுறுகின்றனர். இவன் கொலைக்குரியவனாகத் தோன்றவில்லை என்று வெளிப்படையாகவே சொல்கின்றனர். பொற்கொல்லன் நகைத்துக் கள்வரின் சூழ்ச்சிகளை விரிவாக எடுத்துரைக்கிறான். மற்றொரு காவலன் தான் முன்பு கண்ட கள்வனைப் பற்றிச் சொல்லி, இனிச் செய்வது யாது எனக் கேட்டு நிற்கிறான். அந்த வினாவுக்கு விடை வருமுன் கல்லாக் களிமகன் ஒருவனின் வாள் பாய்கிறது.

அமைப்புக்குள் ஐயம் இருந்தது. அந்த ஐயம் மேலே செல்ல வழி இல்லை. தயங்கியவனுக்கு ஆணையை நிறுத்திவைக்கும் அதிகாரம் இல்லை. தயங்காதவனுக்குத் தடை இல்லை. இக்காலத்தில் அரசு அமைப்புகளின் தவறுகளை ஆராய்வோர் மீண்டும் மீண்டும் காணும் நிலை இதுவே.

3. வழக்குரைத்தலின் கூறுகள்

கண்ணகியின் செயலைக் கற்பின் ஆற்றலாகக் காண்பது பழைய மரபு. சினத்தின் எழுச்சியாகக் காண்பது பிற்கால மரபு. இரண்டும் வழக்குரை காதையின் ஒழுங்கைக் கவனியாது விடுகின்றன. வாயிலோன் வழியாக அனுமதி பெறுகிறாள். தான் யார், எவ்வூர், யாருடைய மனைவி என்பதை அறிவிக்கிறாள். அரசன் தன் தரப்பைக் கூறுகிறான். கள்வனைக் கொல்வது கொடுங்கோன்மை ஆகாது என்பது அவன் வாதம். அந்தப் பொதுவிதியை அவள் மறுக்கவில்லை. தன் சிலம்பின் பரல் மாணிக்கம் என்னும் ஒரே உண்மையைக் கூறுகிறாள். தங்கள் சிலம்பின் பரல் முத்து என்கிறான் அரசன். வழக்கு இப்போது சரிபார்க்கத்தக்க ஒரு செய்தியாகச் சுருங்கிவிட்டது.

இந்நிலையில் பாண்டியன் செய்யும் ஒரு செயல் அவனது பிழைகளுக்கு இடையிலும் மதிக்கத்தக்கது. அரண்மனையின் காவலில் இருந்த சிலம்பைக் கொண்டுவரச் செய்து அவள்முன் வைக்கிறான். அவன் அதனை மறுத்திருந்தால், கண்ணகியின் கையிலிருந்த ஒற்றைச் சிலம்பால் எதனையும் நிறுவ இயலாது. சான்றின் ஒரு பாதி குடிமகளிடமும் மறுபாதி அரசிடமும் இருந்தன. அரசு தன் பாதியை அவையில் வைத்ததனால்தான் உண்மை தெறித்து விழுந்தது. தகவல் பெறும் உரிமைச் சட்டங்கள் இந்தியாவில் 2005 இலும் இலங்கையில் 2016 இலும் நிறைவேற்றப்பட்டன. அவை வலியுறுத்துவதும் இதனையே: அரசு தன்னிடமுள்ள பதிவை வெளியில் வைக்க வேண்டும், அது மன்னனின் பெருந்தன்மையைச் சார்ந்ததாக இருத்தலாகாது.

இங்கு ஊராரின் நிலையையும் குறிப்பிட வேண்டும். ஊர்சூழ் வரியில் இவ்வூரில் பெண்டிர் உண்டா, சான்றோர் உண்டா, தெய்வம் உண்டா எனக் கண்ணகி கேட்கிறாள். சான்றோர் என்னும் சொல்லில் சான்று என்பதும் ஒலிக்கிறது. மதுரை மக்கள் வளையாத செங்கோல் வளைந்ததெனப் புலம்புகின்றனர், அவளுக்காக வருந்துகின்றனர். ஆனால் அரண்மனைக்கு அவளுடன் சென்று சான்றுரைத்தவர் எவருமிலர். இரக்கம் இருந்தது, துணைநிற்றல் இல்லை.

4. மதுராபதியின் வாதம்

நகர் எரிந்தபின் மதுராபதித் தெய்வம் கண்ணகியின் முன்னிற்க இயலாது பின்புறமாக வந்து பாண்டியர்க்காகப் பேசுகிறது. அதன் வாதங்களுள் இரண்டு நம் ஆய்வுக்கு மிக இன்றியமையாதவை. இம்மன்னன் மறையோதும் ஓசையைக் கேட்டதன்றி மணியின் நாவோசையைக் கேட்டதே இல்லை என்பது முதலாவது. அவனை வணங்காத பகைமன்னர் பழித்திருக்கலாமே அன்றிக் குடிமக்கள் பழித்ததில்லை என்பது இரண்டாவது.

மணி ஒலிக்கவில்லை, ஆகவே ஆட்சி செம்மையானது. பழித்தவர் பகைவர், ஆகவே பழி பொய்யானது. அதிகாரத்தில் இருப்போர் எக்காலத்தும் கூறும் இவ்விரு வாதங்களும் இத்துணைச் சுருக்கமாக வேறிடத்தில் அமைந்திருப்பது அரிது. இளங்கோவடிகள் இதனை எள்ளலாக அமைத்தார் எனத் துணிந்து கூற இயலாது. ஆயினும் காப்பியத்தின் வைப்புமுறை தெளிவானது. குற்றமற்றவன் ஒருவன் விசாரணையின்றிக் கொல்லப்பட்டதைக் கண்டபின்னரே மணி ஒலிக்காத பெருமையை நாம் கேட்கிறோம். மணி ஒலியாமை முறைமைக்குச் சான்றாகாது. மணியை எட்ட இயலாதவர் இருந்தனர் என்பதற்கும் அது சான்றாகலாம்.

அதே காதையில் தெய்வம் கூறும் வார்த்திகனின் கதை வேறொரு வழியைக் காட்டுகிறது. புதையல் கவர்ந்தான் என்ற பொய்க்குற்றத்தால் வார்த்திகன் சிறைப்பட, ஐயை கோயிலின் கதவு திறவாது போயிற்று. தன் கோல் எங்கே தவறியது என்று மன்னனே வினவுகிறான். உண்மையறிந்து அவனை விடுவிக்கிறான். திருத்தங்காலும் வயலூரும் அளிக்கிறான். அத்துடன் நில்லாது சிறைக்கோட்டங்களைத் திறக்கவும், புதையல் கண்டெடுத்தவர்க்கே உரியது எனப் பறையறையவும் செய்கிறான். பிழைக்குக் காரணமான விதியே மாற்றப்படுகிறது. ஒருவர்க்கு ஈடு, பலர்க்கு விடுதலை, எதிர்காலத்துக்குத் திருத்தம் ஆகிய மூன்றும் அங்கே ஒன்றாக வருகின்றன.

கோவலன் வழக்கின் முடிவு இதற்கு நேர்மாறானது. நெடுஞ்செழியன் தன் குற்றத்தைத் தானே ஏற்று உயிர்விட்டது பெருமைக்குரியதே. ஆனால் கொலை ஆணைக்கு முன் விசாரணை வேண்டும் என்ற விதி பிறக்கவில்லை. அவனுக்குப்பின் கொற்கையிலிருந்த வெற்றிவேற்செழியன் பொற்கொல்லர் ஆயிரவரை ஒரே பகலில் பலியிட்டதாக உரைபெறு கட்டுரையும் நீர்ப்படைக் காதையும் கூறுகின்றன. குற்றம் செய்தவன் ஒருவன், ஆணையிட்டது அரசு, உயிரிழந்தவர் அவன் தொழிலைச் செய்த ஆயிரவர். காப்பியம் இதனைச் சாந்தி என்கிறது. பொறுப்புக்கூறல் இல்லாத இடத்தில் பழிசுமத்தல் வந்து அமரும் என்பதற்கு இதனினும் கடுமையான சான்று தமிழில் வேண்டுவதில்லை. கண்ணகியைப் போற்றும் நாம் அந்த ஆயிரவரைப் பற்றிப் பேசுவதில்லை என்பதும் ஒரு மௌனமே.

5. கண்ணகி வழிபடப்படும் மண்ணில்

இலங்கையின் கிழக்குக் கரையில் கண்ணகி இன்றும் வழிபடு தெய்வம். மட்டக்களப்புப் பகுதிக் கோயில்களில் வைகாசிச் சடங்கின்போது படிக்கப்படும் நூலின் பெயரே ‘கண்ணகி வழக்குரை’. அரசன்முன் வழக்குரைத்த நிகழ்வை ஆண்டுதோறும் ஓதிக் கேட்கும் மக்கள் அவர்கள்.

அத்தீவில் 1984 இல் யாழ்ப்பாணத்தில் அன்னையர் முன்னணி தோன்றியது. 1990 களின் தொடக்கத்தில் தென்னிலங்கையின் சிங்கள அன்னையரும் காணாமற்போன பிள்ளைகளைக் கேட்டு அதே பெயரில் திரண்டனர். 2017 பெப்ரவரியில் கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் வலிந்து காணாமலாக்கப்பட்டோரின் உறவினர் தொடர் போராட்டத்தைத் தொடங்கினர். சரணடைந்தோரின் பட்டியலை வெளியிடுக என்பது அவர்களது முதன்மைக் கோரிக்கைகளுள் ஒன்று. அவர்களது கையில் இருப்பது ஒரு நிழற்படம். அது சான்றின் ஒரு பாதி. மறுபாதி அரசின் காவலில் உள்ளது. காணாமற்போனோர் அலுவலகத்துக்கான சட்டம் 2016 இல் நிறைவேறியது. 2018 இல் ஆணையாளர்களும் நியமிக்கப்பட்டனர். வாயிலும் வாயிலோனும் அமைந்தும், அரண்மனைச் சிலம்பு அவைமுன் வைக்கப்படவில்லை என்பதே அன்னையரின் முறையீடு.

இவ்வளவையில் அரசுகளை மட்டும் நிறுத்துவது நேர்மையன்று. புலம்பெயர்ந்த நாடுகளில் நாம் நடத்தும் கோயில்களும் சங்கங்களும் தமிழ்ப் பள்ளிகளும் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் கணக்கு வாசிக்கின்றன. எவரும் கேள்வி எழுப்பவில்லை என்பதே கணக்கு செம்மையானது என்பதற்குச் சான்றாகப் பதியப்படுகிறது. எழுப்பியவர் இருந்தால் அவர் நிறுவனத்தின் பகைவர் எனப் பெயர் பெறுகிறார். மதுராபதியின் வாதம் கடல் கடந்தும் நம்முடன் வந்திருக்கிறது.

முடிவுரை

சிலப்பதிகாரம் காட்டும் வழிகளைத் தொகுத்து நோக்கினால் ஒரு வரிசை புலனாகிறது. பாவை அழுகிறது, மணி அழைக்கிறது, கதவு மறுக்கிறது. இம்மூன்றும் மனிதக் குரல் இல்லாதவை; மன்னனின் மனச்சான்றை நம்பி நிற்பவை. கண்ணகி ஒருத்தியே பெயர் சொல்லி, குற்றம் சொல்லி, சான்று காட்டி, அரசின் சான்றையும் வெளிக்கொணர்ந்து முறை கேட்கிறாள். ஆதலின் தமிழ் மரபில் பொறுப்புக்கூறலின் குறியீடாக வைக்கத்தக்கது மணி அன்று, சிலம்பே.

எனினும் காப்பியத்தின் எச்சரிக்கையையும் உடன்கொள்ள வேண்டும். அரசன் வீழ்வது முடிவாகாது. ஐயுற்ற காவலனின் சொல் மேலே சென்றிருக்க வேண்டும். ஊரார் சான்றுரைக்க வந்திருக்க வேண்டும். வார்த்திகனின் நாட்டில் போல விதி மாறியிருக்க வேண்டும். இவை நிகழாமையால்தான் ஒரு நகரம் எரிந்தது. அதன்பின் ஆயிரவர் மாண்டனர். நம் பழம்பெருமையை எடுத்துரைக்கும் மேடைகளில் மணியோசையைப் போற்றும்போது, அது ஒலிக்காத நாள்களின் கணக்கையும் சேர்த்தே கேட்பது ஆய்வாளரின் கடமை.