மெட்டு வந்தது; வினா வந்ததா? 'அன்னக்கிளி' இசைத்தட்டைக் கேட்டபின் சில சிந்தனைகள்

திரைப்பட இசைத்தட்டு ஒன்றைக் குறித்து இறையியல் இதழில் எழுதுவது தகுமா என வாசகர் சிலர் வினவக்கூடும். நம் சபை மக்கள் ஞாயிறு காலையில் ஒரு மணி நேரம் ஞானப்பாட்டுப் பாடுகின்றனர். வாரத்தின் மற்ற நேரமெல்லாம் அவர்கள் நாவில் தவழ்வது வேறு பாடல். அதனைக் கேளாமல் அவர்களுக்குப் பிரசங்கம் ஆயத்தம் செய்கிறவர், நோயாளியைப் பாராமலே மருந்து எழுதுகிறவரை ஒப்பர்.

பண்ணுருட்டியிலிருந்து நெய்வேலி நோக்கிச் செல்லும் சாலையில் உள்ள காடாம்புலியூரில், ஓர் அன்பர் இல்லத்தில் ஆயர் ஒருவரும் இறையியல் மாணவர் சிலருமாக நாம் ஒரு மாலையில் கூடினோம். 1976-இல் வெளிவந்த 'அன்னக்கிளி' பாடல்களைப் பழைய இசைத்தட்டிலிருந்து முழுவதும் கேட்டோம். முந்திரிக் கொட்டை உடைத்துப் பிழைக்கும் அண்டை வீட்டுப் பெண்கள் சிலரும் திண்ணையில் அமர்ந்து கேட்டனர். அவ்வேளையில் எழுந்த சிந்தனைகளை ஈண்டு முன்வைக்கிறோம்.

ஒரு குடும்பத்தின் இசை

இசைத்தட்டின் மேலுறையில் இசையமைப்பாளராகக் காணப்படுவது இளையராஜா என்னும் ஒரே பெயர். ஆயினும் அவ்விசை ஒரு வீட்டில் விளைந்தது. இன்றைய தேனி மாவட்டத்துப் பண்ணைப்புரத்தில் பிறந்த பாவலர் வரதராசன், பாஸ்கர், இராசய்யா, அமரன் என்னும் உடன்பிறந்தார் நால்வரும் ஊர் ஊராகச் சென்று பாடியவர்கள். மூத்தவரான வரதராசன் பொதுவுடைமைக் கட்சி மேடைகளின் பாவலர். தேயிலைத் தோட்டத் தொழிலாளர் நிறைந்த தேவிகுளத்தில் 1958-இல் நடைபெற்ற இடைத்தேர்தலில் அவருடைய பாடல்கள் ஆற்றிய பணியை இன்றும் நினைவுகூர்வர். அண்ணனுடன் மேடையேறிப் பழகிய இராசய்யா 1968-இல் சென்னை சேர்ந்தார். தன்ராஜ் மாஸ்டரிடம் மேற்கத்திய இசை கற்றார். பின்னர் இளையராஜா ஆனார். இளமையில் அவர் 'டேனியல்' என்னும் பெயரையும் தாங்கியிருந்தார் என்பதைக் கொண்டு உரிமை பாராட்டுவது நம் நோக்கமன்று.

குடும்பமாகப் பாடுதல் வேதத்தை அறிந்தார்க்குப் புதிதன்று. ஆசாப், ஏமான், எதுத்தூன் ஆகியோரின் புதல்வர்கள் ஆலயப் பணிக்கென நியமிக்கப்பட்டதை முதலாம் நாளாகமம் கூறுகிறது. அமெரிக்க நாட்டில் ஸ்டேபிள் குடும்பத்தார், தந்தையும் மக்களுமாக, கறுப்பின மக்களின் ஆலயப் பாடலைக் கிதாருடன் பாடி, 1960-களில் உரிமைப் போராட்டத்திற்குத் துணைநின்றனர். உடன்பிறந்தார் குரல்களிடையே ஓர் இசைவு உண்டு. ஒரே தாயின் தாலாட்டைக் கேட்டு வளர்ந்த செவிகள் அவை.

இசைத்தட்டு பேசுவது

நாட்டுப்புற மெட்டு அன்று தமிழ்த் திரைக்குப் புதிதன்று, கே. வி. மகாதேவன் முதலியோர் அதனைத் திறம்படக் கையாண்டிருந்தனர். எனினும் 1970-களின் முற்பகுதியில் 'ஆராதனா', 'பாபி' போன்ற இந்திப் படங்களின் பாடல்களே தமிழ் இளைஞர் நாவில் நின்றன. தன் ஊர்ப் பாட்டைப் பட்டணத்தில் பாட நாணிய தலைமுறைக்கு 'அன்னக்கிளி' அந்நாணத்தைப் போக்கியது. இதுவே அதன் முதற்பெருமை.

எஸ். ஜானகி அம்மையாரின் குரல் சொல்லின்றித் தொடங்கும்போது, வயல்வெளியில் எவருமில்லை என்றெண்ணித் தனக்குத்தானே பாடிக்கொள்ளும் பெண்ணின் குரலாகவே அது ஒலிக்கிறது. கிதாரும் வயலின் கூட்டமும் அம்மெட்டின் வளைவுகளை நேராக்கிவிட முயலவில்லை. அடியில் நின்று தாங்குகின்றன. மேற்கத்திய இசை கற்ற ஒருவர் தம் தாயின் பாட்டைத் திருத்தாமல் விட்டுவைத்தார் என்பதில் பேரடக்கம் உள்ளது. நம் அருட்பணி வரலாற்றில் இவ்வடக்கம் எத்தனை பேரிடம் இருந்தது என்பதை நாம் எண்ணிப் பார்க்கவேண்டும்.

இசைத்தட்டு பேசாதது

பாடல்கள் முடிந்தபின், திண்ணையிலிருந்த மூதாட்டி ஒருவர் ஆயரை நோக்கி, "மெட்டு நம்மளுதுதான் ஐயரே. ஆனா அந்தப் பொண்ணு கூலி கேக்கலியே" என்றார். நாம் ஒரு மணி நேரம் தேடிய திறனாய்வு அந்த ஒரு வாக்கியத்தில் அடங்கியிருந்தது.

பாவலர் வரதராசன் 1973-இல் மறைந்தார். மூன்று ஆண்டுகள் கழித்து இத்தட்டு வந்தது. இதில் ஒலிக்கும் சொற்கள் பஞ்சு அருணாசலம் எழுதியவை. அவை இனியவை, கதைக்குப் பொருந்துபவை. ஆனால் தேவிகுளத்தில் அண்ணன் பாடியபோது மெட்டோடு ஒரு வினாவும் சென்றது. யார் உழைக்க யார் உண்பது என்னும் வினா அது. தம்பியின் தட்டில் மெட்டு வண்டியேறிவிட்டது; வினா சாலையோரத்தில் இறங்கிக்கொண்டது. களத்தில் உழைக்கும் பெண் இங்குக் காதலுக்காக ஏங்குகிறாள், பசிக்காக ஏங்குவதில்லை.

இதனைக் காடாம்புலியூரில் இருந்து கேட்பதில் ஒரு பொருத்தம் உண்டு. 1956-இல் நெய்வேலி நிறுவனம் தோன்றிய பின்னர், இவ்வட்டாரத்து மண்ணுக்கடியிலிருந்து எடுக்கப்படும் பழுப்பு நிலக்கரி தொலைதூர நகரங்களுக்கும் விளக்கேற்றுகிறது. அதனால் நாடு அடைந்த நன்மையை எவரும் மறுக்கவியலாது. ஆயினும் நிலம் கொடுத்தவர்க்குத் திரும்பி வந்தது என்ன என்னும் வழக்கு இன்னும் ஓயவில்லை. நாட்டுப்புற இசையும் இத்தகைய சுரங்கச் செல்வமே. அதை எடுப்பது குற்றமன்று. எடுத்ததைக் கொண்டு ஏற்றிய விளக்கு, கொடுத்தவர் வீட்டிலும் எரிகிறதா என்பதே வினா.

பிழைப்புத் தேடிச் சென்னை வந்த உடன்பிறந்தார்மீது முழுப்பழியையும் சுமத்துவது நீதியன்று. திரைப்படப் பாடல் கதையின் எல்லைக்குள் நின்றாகவேண்டும். 1965-இல் நியூபோர்ட் விழாவில் பாப் டிலன் மின்கிதாருடன் பாடியபோது கேட்டோரில் ஒரு சாரார் கூச்சலிட்டனர். கருவி மாறியதே துரோகம் என அவர்கள் கருதினர். நாம் அவ்வாறு கருதவில்லை. கிதார் வந்ததில் நமக்கு வருத்தமில்லை. வினா வராததிலேயே வருத்தம்.

திருச்சபைக்கு ஒரு வினா

இவ்வளவும் கூறியபின் அதே அளவுகோலை நம்மீதும் வைக்கக் கடமைப்பட்டுள்ளோம். தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியார் 'பெத்லகேம் குறவஞ்சி' பாடியவர். மக்கள் வடிவங்களுக்குத் திருச்சபையில் இடமுண்டு என்பதற்கு அவர் சான்று. எனினும் நம் சபைகள் பலவற்றில் ஆர்மோனியம் உள்ளே வந்தது; பறை வெளியே நின்றது. அது தோற்கருவி என்றனர். அதை இசைத்த கைகளின் சாதியே உண்மையான காரணம். செங்கடற்கரையில் மோசேயும் ஆரோனும் இருக்க, அவர்தம் சகோதரி மிரியாம் கையிலேந்திய தம்புருவும் தோற்கருவியே என்பதை நாம் மறந்தோம்.

மதுரைத் தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் பணியாற்றிய அருட்திரு தியோபிலஸ் அப்பாவு, மக்களால் 'பரட்டை அண்ணன்' என அழைக்கப்பட்டவர். அவர் நாட்டுப்புற இசையை வழிபாட்டுக்குள் கொணர்ந்தபோது, மெட்டோடு வினாவையும் கொணர்ந்தார். இன்றோ விடுமுறை வேதாகமப் பள்ளிகளிலும் கிறிஸ்துமஸ் கீதபவனிகளிலும் கிராமிய மெட்டு தாராளமாக ஒலிக்கிறது. பறையும் சில மேடைகளில் ஏறிவிட்டது. ஆனால் அதை முழக்குபவர் சபைக் கமிட்டியில் அமர்கிறாரா? அவருடைய தெருவாருக்குக் கல்லறைத் தோட்டத்தில் சம இடம் உண்டா? ஆமோஸ் ஐந்தாம் அதிகாரத்தில் ஆண்டவர் பாடல்களின் ஓசையை வெறுத்தது சுருதி பிசகியதாலன்று, நீதி பிசகியதால்.

ஆகவே 'அன்னக்கிளி'யை இறையியல் மாணவர் கேட்கவேண்டும் என்றே பரிந்துரைக்கிறோம். தம் ஊர்ப் பாட்டைக் குறித்து நாணாதிருக்க அது கற்பிக்கும். கேட்டபின், அந்த மூதாட்டி கேட்ட கேள்வியோடு தம் சபையின் பாட்டுப் புத்தகத்தையும் ஒருமுறை திறந்து பார்ப்பாராக.