ஒத்திகை இல்லாத இரவு

பங்குனி, சித்திரை மாதங்களில் புதுக்கோட்டை மாவட்டத்து அரிமளம் பக்கம் போகிறவர்கள் சுவரொட்டிகளைக் கொஞ்சம் நின்று படிக்கலாம். கோயில் திருவிழாவை ஒட்டி ‘வள்ளி திருமணம்’ நாடகம் என்று பெரிய எழுத்தில் இருக்கும். கீழே வரிசையாக முகங்கள்: ராஜபார்ட் என்னும் நாயகன், ஸ்திரீபார்ட் என்னும் நாயகி, நாரதர், பபூன், டான்ஸ், ஆர்மோனியப் பின்பாட்டு, மிருதங்கம், டோலக், ஆல்ரவுண்ட். ஒவ்வொரு பெயருக்கு முன்னாலும் ஓர் ஊர். அந்த ஊர்கள் ஒன்றாக இருக்காது. ஒருவர் மதுரை, ஒருவர் காரைக்குடி, ஒருவர் புதுக்கோட்டை. விழாக் கமிட்டி ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகத் தேதி வாங்கியிருக்கும். வேஷம் போடும் கொட்டகையில்தான் பலரும் அன்றைக்குச் சந்தித்துக்கொள்வார்கள். ஒத்திகை கிடையாது. இரவு பத்து மணிக்கு மேல் பபூன் வந்து கலகலப்பாக்கிவிட்டுப் போனால், விடியும் வரை நாடகம் நடக்கும். இதற்குப் பெயர் ஸ்பெஷல் நாடகம்.

ஒத்திகை பார்க்காதவர்கள் இரவு முழுக்க எப்படி இசைந்து ஆடுகிறார்கள்? அடியில் உறுதியான சட்டகம் ஒன்று இருப்பதால்தான். அதைக் கட்டித் தந்தவர் தவத்திரு சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922). வள்ளி திருமணம், பவளக்கொடி, சத்தியவான் சாவித்திரி, கோவலன் என்று அவர் எழுதிய நாடகங்களின் விருத்தங்களும் சந்தப் பாடல்களும் நடிகர்கள் எல்லோருக்கும் பொதுச் சொத்து. எந்த இடத்தில் எந்தப் பாட்டு, அது எந்த நடையில் போகும் என்பது எல்லோருக்கும் பாடம். ஆகவே முன்பின் பார்த்திராத நாரதரும் வள்ளியும் முதல் வரியிலேயே கைகோத்துக்கொள்ள முடிகிறது.

சுவாமிகளின் சந்தத்துக்கும் இந்த மண்ணுக்கும் நேரடி உறவு உண்டு. கஞ்சிராவுக்குக் கச்சேரி மேடையில் இடம் வாங்கிக் கொடுத்த புதுக்கோட்டை மான்பூண்டியா பிள்ளையிடம் அவர் லயம் பயின்றவர். பலாக்கட்டை வளையம், அதில் இழுத்து ஒட்டிய உடும்புத் தோல், ஓரத்தில் இரண்டு மூன்று காசுகள். பஜனையில் தட்டிக்கொண்டிருந்த அந்தச் சின்ன வாத்தியத்தை மிருதங்கத்தின் பக்கத்தில் உட்காரவைத்தது எவ்வளவு பெரிய புதுமை! அவரிடம் கற்ற லயக் கணக்கு சுவாமிகளின் நாடகப் பாட்டுக்குள்ளும் இறங்கியது. சுவாமிகளின் வரிகளை வெறுமனே வாசித்தாலும் நாக்கு தாளம் போடத் தொடங்கிவிடுகிறது.

இந்த இசையைக் கேட்டு ரசித்ததோடு நிற்காமல், அதன் இலக்கணத்தையும் ஆராய்ந்து எழுதியவர் முனைவர் அரிமளம் சு. பத்மநாபன். சங்கரதாஸ் சுவாமிகளின் நாடக இசை பற்றிப் பேசுகிறவர்கள் அவர் எழுத்தைத் தாண்டிப் போக முடியாது. கூத்து, நாடகம் என்றால் பாமரக் கேளிக்கை என்று ஒதுக்கிய சங்கீத உலகத்துக்கு, இங்கேயும் பண்ணும் தாளமும் சட்டமாக இருக்கின்றன என்று எடுத்துச் சொல்ல நாடகம் கேட்டு வளர்ந்த வட்டாரத்திலிருந்து ஒருவர் வந்தது பொருத்தம்தான்.

சட்டகம் பழையது. புதுமைக்கு வாசல் திறப்பது தர்க்கம். தினைப்புனத்தில் காவல் இருக்கும் வள்ளியிடம் நாரதர் வருகிறார். முருகனை மணக்கச் சொல்லி வாதாடுகிறார். வள்ளி மடக்குகிறாள். இந்த வாதத்துக்கு எழுதிவைத்த வசனம் கொஞ்சம்; மிச்சமெல்லாம் அந்த நேரத்தில் பிறப்பது. பக்தி பெரிதா காதல் பெரிதா என்று தொடங்கி, திருப்புகழ், குறள் என்று தாவி, நேற்றைய செய்தி வரைக்கும் வந்துவிடும். எதிராளி அடுத்து எதைக் கேட்பார் என்பது யாருக்கும் தெரியாது. பதில் வசனத்தில் வந்தால் கூட்டம் தலையாட்டும். அதே பதில் விருத்தமாக, பொருத்தமான ராகத்தில் வந்தால் விசில் பறக்கும்.

அந்த நேரம் ஆர்மோனியக்காரரைக் கவனிக்க வேண்டும். நடிகர் எந்தச் சுருதியில் எடுப்பார், எங்கே மூச்சு வாங்குவார் என்பதைக் கணித்து, அவர் விட்ட இடத்தில் பின்பாட்டுப் பாடித் தூக்கிக் கொடுப்பவர் அவர். அவர் அசந்தால் ராஜபார்ட்டும் தடுமாறுவார்.

பழைய கதைக்குள் இன்றைய சேதியை நுழைக்கும் இந்தக் கலையின் உச்சம் விடுதலைப் போராட்டக் கால நடிகர் எஸ்.எஸ். விசுவநாததாஸ். வள்ளி திருமண மேடையில் பறவை விரட்டும் சந்தர்ப்பத்தையே எடுத்துக்கொண்டு, வெள்ளைக் கொக்கைச் சாக்காக வைத்து வெள்ளைக்காரனைப் பாடினார். கதை மாறவில்லை, கேட்டவர்களுக்குப் பொருள் புரிந்தது, போலீசுக்கும் புரிந்தது. பலமுறை சிறை சென்றார். 1940 டிசம்பர் 31 அன்று சென்னையில் முருகன் வேடத்தில், மேடையிலேயே அவர் உயிர் பிரிந்தது.

கண்ணுக்கும் இங்கே விருந்து உண்டு, சிக்கனமான விருந்து. தர்பார், தெரு, காடு என்று வரைந்த திரைகள் சிலவே. இன்றைக்கு வள்ளியின் தினைப்புனமாக நிற்கும் அதே காட்டுத் திரைதான் நாளைக்குச் சாவித்திரியின் வனம். கண் அதைப் பொருட்படுத்துவதில்லை, பாட்டு இடத்தை மாற்றிவிடுகிறது. ஜரிகை உடையும் அரிதாரமும் கடைசி வரிசையில் பாய் விரித்து உட்கார்ந்திருப்பவருக்கும் தெரிய வேண்டும் என்ற கணக்கில் போடப்பட்டவை. பக்கத்தில் பார்த்து மிகை என்று சொல்வது நியாயமில்லை.

குறையே இல்லையா? உண்டு. பபூன் பகுதி நீண்டு நள்ளிரவைத் தாண்டுவதும், தர்க்கம் வெறும் வாய்ச்சண்டையாக இறங்குவதும் நடக்கின்றன. சினிமா மெட்டு வந்துவிட்டது என்ற புலம்பலை மட்டும் நான் ஏற்கமாட்டேன். பார்சி நாடகக் கம்பெனிகள் கொண்டுவந்த வடநாட்டு மெட்டுகளை இதே மேடை ஒரு காலத்தில் விழுங்கிச் செரித்தது. மெட்டு எங்கிருந்து வந்தது என்பதைவிட, சந்தத்துக்குள் அது உட்கார்ந்ததா என்பதே கேள்வி.

அந்தக் கேள்வியைக் கேட்கத் தெரிந்த கூட்டம்தான் இந்தக் கலையின் மூலதனம். கதை, பாட்டு, முடிவு எல்லாம் முன்கூட்டியே தெரிந்தவர்கள் முன்னால் மட்டுமே ஒரு நடிகர் புதிதாக என்ன செய்தார் என்பது துலங்கும். விழாக் கமிட்டிக்காரர்களுக்கு ஒரு வேண்டுகோள்: நோட்டீசில் பின்பாட்டுக்காரரின் பெயரை ராஜபார்ட் பெயர் அளவுக்கே பெரிதாகப் போடுங்கள். பாட்டு தெரிந்தவர்கள் அதைப் பார்த்துத்தான் வருவார்கள். அவர்கள் வந்து உட்கார்ந்தால் மேடையில் இருப்பவர்களும் சும்மா பாடிவிட்டுப் போக முடியாது.