யாருக்கு வெளிச்சம்?

இரவு நேரத்திலே நெய்வேலியை நோக்கி வருவோர், ஊர் வருமுன்பே ஒளியைக் காண்பர். அந்த ஒளி வானத்திலிருந்து இறங்கியதன்று. அறிவும் உழைப்பும் ஈன்றெடுத்தது. 1930-களில் ஜம்புலிங்க முதலியாரின் நிலத்திலே கிணறு தோண்டியபோது கரிய பொருள் வெளிப்பட்டது. பூதம் என்றஞ்சிப் பூசை போட்டு மூடியிருந்தால் இன்று நெய்வேலி ஏது? ஆராய்ந்தனர், பழுப்பு நிலக்கரி என்று தெளிந்தனர். 1956-இல் நிறுவனம் பிறந்தது. 1957-இல் சுரங்கப் பணி தொடங்கிற்று. 1962-இல் மின்சாரம் பிறந்தது.

ஒளி பிறந்தது, உண்மை. நிலம் தந்தவன் நிலை என்ன? 2023 ஜூலையில், வளையமாதேவியிலே பச்சை நெற்பயிர் நின்ற வயலில் மண்வாரி எந்திரங்கள் இறங்கிய காட்சியை நாடே கண்டது. "இழப்பீடு போதுமா? நிரந்தர வேலை எங்கே?" என்ற கேள்விகள் பல்லாண்டுகளாக எழுந்த வண்ணம் உள்ளன. அறிவியல் வென்றது, நீதி பின்தங்கிற்று.

இந்தக் கதையை இன்று நாம் நினைவூட்டக் காரணம் உண்டு. 'குவாண்டம்' என்னும் சொல் நாடெங்கும் உலவுகிறது. 2025-ஆம் ஆண்டையே ஐக்கிய நாடுகள் அவை குவாண்டம் அறிவியல் ஆண்டாக அறிவித்தது. வரவேற்கிறோம். ஆனால் அந்தச் சொல்லின்மீது இரண்டு திரைகள் தொங்குகின்றன. ஒன்று மந்திரத் திரை. மற்றொன்று மேதாவித் திரை. இரண்டையும் கிழித்தாக வேண்டும்.

மந்திரத் திரை விரிப்போர், "எல்லாம் எம் முன்னோர் அன்றே சொன்னவை" என்பர்; குவாண்டத்தின் பெயரால் தாயத்தும் விற்பர், தியானமும் விற்பர். நாம் கேட்கிறோம்: 1924-இல் டாக்காவிலிருந்த சத்யேந்திரநாத் போஸ், ஒளித்துகள்களை எண்ணும் புதுமுறையை ஏட்டுச் சுவடியிலா கண்டார்? கணிதத்திலே கண்டார்; ஐன்ஸ்டைனுக்கு எழுதினார்; சோதனைகள் மெய்ப்பித்தன.

இதிலே மாயம் ஏதுமில்லை. சாதாரணக் கணிப்பொறியின் அலகு சுழியாக இருக்கும், அல்லது ஒன்றாக இருக்கும். குவாண்டம் கணிப்பொறியின் அலகாகிய கியூபிட், அளந்து பார்க்கும் வரையில் இரண்டும் கலந்த நிலையில் இருக்க வல்லது. பல கியூபிட்களைப் பிணைத்து, தவறான விடைகள் ஒன்றையொன்று அழித்துச் சரியான விடை ஓங்குமாறு கணக்கை அமைக்கின்றனர். எல்லாக் கணக்குக்கும் இது உதவாது, சிலவற்றுக்கே உதவும்.

அந்தச் சிலவற்றில்தான் ஆபத்தும் இருக்கிறது. பெரிய எண்ணைக் காரணிகளாகப் பிரிக்கும் வேலையை இப்பொறி விரைந்து முடிக்கும் என்று 1994-இல் பீட்டர் ஷோர் காட்டினார். இன்று வங்கிக் கணக்கையும் கடிதத்தையும் காக்கும் பூட்டுகள் பல, அந்த வேலையின் கடினத்தை நம்பியே நிற்கின்றன. பூட்டை உடைக்கும் ஆற்றலுள்ள பொறி இன்னும் எழவில்லை. ஆயினும், பூட்டிய பெட்டியை இன்றே களவாடி வைத்து, சாவி கிடைக்கும் நாளில் திறக்கலாமன்றோ? 2024 ஆகஸ்டில் அமெரிக்கத் தர நிறுவனம் புதிய பூட்டுகளுக்கான மூன்று தரங்களை வெளியிட்டது. படைத்துறை மாற்றிக்கொள்ளும்; பெருவங்கி மாற்றிக்கொள்ளும். சுரங்க ஒப்பந்தத் தொழிலாளியின் மருத்துவக் குறிப்புக்கும் கைரேகைக்கும் புதுப்பூட்டு போடுபவர் எவர்? பணம் போனால் ஈட்டலாம். கைரேகை களவு போனால் வேறு விரல் முளைக்குமா?

இன்னொன்றும் கேளுங்கள். புவியீர்ப்பின் நுண்ணிய வேறுபாட்டைக் குவாண்டம் கருவியால் அளந்து, சாலைக்கடியில் புதைந்திருந்த சுரங்கப் பாதையைப் பர்மிங்காம் பல்கலைக்கழகத்தார் கண்டறிந்தனர். 2022-இல் அம்முடிவு வெளியாயிற்று. குழாய் உடைப்பைக் காணவும் நீர்நிலையைக் காக்கவும் உதவக்கூடிய அரிய கருவி! ஆனால் அது வளர்ந்து, துளையிடாமலே ஊருக்கடியில் என்ன கிடக்கிறதென்று படிக்கும் நாள் வந்தால்? மண்ணுக்கு உரியவன் அறியுமுன், மண்ணை வாங்குபவன் அறிவான். நெய்வேலியின் உழவர்க்கு இதன் பொருளை விளக்கவும் வேண்டுமோ?

இனி, மேதாவித் திரை. 2023 ஏப்ரலில் ஒன்றிய அமைச்சரவை, 2030-31 வரைக்குமான தேசியக் குவாண்டம் திட்டத்திற்கு 6,003 கோடி ரூபாய்க்கு மேல் ஒப்புதல் அளித்தது. நான்கு மையங்களில், தகவல்தொடர்புக்கான மையம் சென்னை ஐ.ஐ.டி.யில் அமைந்துள்ளது. பணம் மக்களுடையது. கூடத்தினுள்ளே இருப்போர் யார்? 2019-ஆம் ஆண்டின் ஆசிரியர் பணியிட ஒதுக்கீட்டுச் சட்டம், டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம் போன்றவற்றுக்கு விலக்கு அளித்துள்ளது. 2024-இல் ஆறு கியூபிட் செயலி சோதித்து முடிக்கப்பட்டது அந்த நிறுவனத்திலேதான். புதிய அறிவு பிறக்கும் வாயிலிலேயே பழைய பூட்டு!

"நுட்பமான துறை, தகுதி கெடும்" என்பர். இதே பேச்சை அன்றும் பேசியிருக்கலாம். ஏர் பிடித்த கைகளுக்கு, மலைபோல் நிற்கும் வாளிச் சக்கர எந்திரம் பிடிபடவில்லையா? கற்பித்தால் கற்பர். கற்பிக்காமலிருந்துவிட்டுத் தகுதியில்லை என்பது, கண்ணைக் கட்டிவிட்டுக் குருடன் என்று ஏசுவதற்கொப்பாகும்.

ஆகவே நாம் கோருவன மிகையல்ல. மக்கள் பணத்தால் நடக்கும் கூடங்களில் மக்கள் பிள்ளைகளுக்கு இடம். பள்ளி மாணவனும் புரிந்துகொள்ளும் தமிழில் பாடநூல். ஏழையின் பதிவேட்டுக்கும் பெருவங்கிக்குப் போட்ட அதே பூட்டு. ஊராரின் இசைவின்றி ஊரின் அடியை அளக்கக் கூடாதென்ற சட்டம்.

கருவி வந்தபின் நீதி கேட்டால் என்ன ஆகும் என்பதை வளையமாதேவி வயல் சொல்லிற்று. இம்முறை கருவி முழுதும் வந்து சேரவில்லை. கேட்கவேண்டிய காலம் இதுவே, தோழர்களே!